பெரியண்ணனும் சின்னண்ணனும்

மேல்நாட்டு நாகரிகத்தின் சுகபோகத்தில் கிறிஸ்தவ பக்தி மங்கிப்போயிற்று என்று நம் சபைகளில் பிரசங்கம் கேட்காத வருஷம் இராது. அந்தச் சுகபோகத்தைத் தேடி லண்டனுக்குக் கப்பலேற வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. தறிச் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்த பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள், கும்மிடிப்பூண்டியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ முதல் சம்பளம் வாங்கிய கையோடு, தவணையில் வண்டி எடுத்துவிடுகிறார்கள். அதை நான் பாவமென்று சொல்லமாட்டேன். இல்லாமையை அறிந்த வீட்டுக்கு ஒரு வண்டி பெரிய காரியம். ஆனால், ஐசுவரியத்தின் நடுவே விசுவாசி எப்படி ஜீவிப்பது என்று பிரசங்க பீடத்திலிருந்து கேட்பவர்கள், அக்கேள்விக்கு நம் நாட்டிலேயே இரண்டு பேர் வாழ்ந்து காட்டிய விடையைச் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

1921-ல், அக்காலத்து வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த திருப்பத்தூரில், தமிழரான டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னெஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஸ்தாபித்தார்கள். பேட்டனின் குடும்பம் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலைகளால் செழித்த குடும்பம். நூலாலைச் செல்வத்தில் பிறந்த அந்த வெள்ளைக்காரர், கைராட்டை நூலில் நெய்த கதரை உடுத்தி, தரையில் சம்மணமிட்டு மரக்கறி உணவு உண்டு, விவாகம் செய்துகொள்ளாமல், கிராமத்து நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார் என்றால், அதைத் தியாகம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆசிரமத்தில் ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைத் துரைமார் ஆண்ட நாளில், ஒரு வெள்ளையர் தமிழரின் தம்பி ஸ்தானத்தை மனமுவந்து ஏற்றது, கதர் உடுத்தியதைக் காட்டிலும் கடினமான துறவு என்பது என் அபிப்பிராயம். பொருளாசையை விட்டவர்கூட அந்தஸ்தாசையை எளிதில் விடுவதில்லை அல்லவா?

அவர்கள் எழுப்பிய ஜெபாலயத்துக்கும் கோத்திக் கூம்பு இல்லை; நம் கோயில்களின் திராவிடச் சிற்ப முறையில், கோபுரத்தோடு அது நிற்கிறது.

கதரின் விலையைப் பேட்டன் தேகத்தாலும் கொடுத்தார். 1932-ல் சென்னையில் அந்நியத் துணிக் கடை மறியல் நடந்த இடத்தில் நின்ற அவரைப் போலீஸார் அடித்து, வர்ண நீரைப் பாய்ச்சினார்கள். விஷயம் பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரை சென்றது.

இவ்வளவும் செய்தவர் மேல்நாட்டவரே என்பதை எண்ணும்போது, மேற்குத் திசையைச் சபித்துப் பிரசங்கம் செய்துவிட்டு, சபையின் பெருமையைக் கட்டடத்தின் உயரத்தாலும் காணிக்கைத் தொகையாலும் அளக்கிற நம்மவர்களின் பேச்சு வெறும் சம்பிரதாயமாகவே படுகிறது. வருஷந்தோறும் வாலிபர் கூட்டத்தை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பஸ்ஸில் அழைத்துப் போகிற போதகர்கள், ஒரு தடவையாவது திருப்பத்தூருக்கு அழைத்துப் போகட்டும். ஜோலார்பேட்டையிலிருந்து கிட்டத்தான் இருக்கிறது.