கருவில் பட்ட பசி. 50 வயதில் வந்த நோய்!

1944-ம் ஆண்டு குளிர்காலம். ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம்.

கடைகளில் ரொட்டி இல்லை. அடுப்பு எரிக்க விறகு இல்லை. கர்ப்பிணிப் பெண்களும் அரை வயிறு, கால் வயிறாகக் கிடந்தார்கள்.

அந்தப் பசி, வயிற்றில் இருந்த குழந்தையையும் விடவில்லை. 50 ஆண்டு கழிந்த பிறகும் விடவில்லை!

பஞ்சம் வந்தது எப்படி?

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஹாலந்து, ஜெர்மானியர் பிடியில் இருந்தது. நேச நாட்டுப் படைகளுக்கு உதவுவதற்காக, செப்டம்பர் மாதம் ரெயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜெர்மானியர் ஆத்திரம் அடைந்தனர். மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகக்கூடாது என்று தடை போட்டனர்.

சில வாரங்களில் தடையைச் சற்றுத் தளர்த்தினார்கள். ஆனால் கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்துவிட்டன. உணவுப் படகுகள் நகர முடியவில்லை.

ஒரு ஆளுக்கு ஒரு நாள் ரேஷன், 400 முதல் 800 கலோரி உணவுதான். சாதாரணமாக 2 ஆயிரம் கலோரியாவது வேண்டும். மக்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். நகைகளையும் துணிமணிகளையும் கிராமங்களுக்குக் கொண்டுபோய், உருளைக்கிழங்குக்கு மாற்றினார்கள். சுமார் 20 ஆயிரம் பேர் மாண்டனர்.

1945 மே மாதம் நாடு விடுதலை அடைந்தது. உணவு வந்தது. பஞ்சம் தீர்ந்தது. ஆனால் கதை தீரவில்லை!

பழைய ஏடுகள்

ஆம்ஸ்டர்டாமில் உள்ள வில்ஹெல்மினா ஆஸ்பத்திரியில், அந்தக் காலத்துப் பிரசவக் குறிப்புகள் பத்திரமாக இருந்தன. 2,414 குழந்தைகளின் விவரம் அவற்றில் கிடைத்தது. ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தேடினார்கள். கிடைத்தவர்களைப் பரிசோதித்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது சுமார் 50.

கருவின் கடைசி மாதங்களில் பசிக்கு ஆளானவர்கள், எடை குறைந்து பிறந்திருந்தார்கள். அவர்களின் உடல், சர்க்கரையைச் சமாளிக்கத் திணறியது.

முதல் மாதங்களில் பசிக்கு ஆளானவர்கள், நல்ல எடையோடுதான் பிறந்திருந்தார்கள். பார்த்தவர்கள், "குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை" என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் அவர்களில் 100-க்கு சுமார் 9 பேருக்கு இருதய நோய்! கருவில் பஞ்சத்தில் சிக்காதவர்களில் 100-க்கு சுமார் 3 பேருக்குத்தான் அந்த நோய் இருந்தது.

காரணம் என்ன?

முதல் மூன்று மாதங்களில்தான் இருதயமும் மற்ற உறுப்புகளும் உருவாகின்றன. அப்போது உணவு குறைந்தால், கரு சிக்கனமாக வளரப் பழகுகிறது. பிறந்த பிறகு உணவு தாராளமாகக் கிடைத்தால், சிக்கனத்துக்குப் பழகிய உடல் தடுமாறுகிறது. விஞ்ஞானிகள் இப்படிக் கருதுகிறார்கள்.

2008-ல் இன்னொரு உண்மையும் வெளிவந்தது. கருவின் தொடக்கத்திலேயே பசித்தவர்களையும், கருவில் பஞ்சத்தில் சிக்காத அவர்களுடைய உடன்பிறப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வளர்ச்சிக்கு உதவும் ஒரு மரபணுவின் மேல் இருக்கும் ரசாயன அடையாளம், பசித்தவர்களிடம் குறைந்திருந்தது. அறுபது ஆண்டு ஆகியும் அந்தத் தழும்பு மறையவில்லை!

தாயின் குற்றமா?

இல்லை. அவள் உண்ண மறுக்கவில்லை. அவளுக்கு உணவு கிடைக்கவில்லை.

இது தலைவிதியும் அல்ல. கருவில் பசித்தவர்களிலும் பெரும்பாலோருக்கு இருதய நோய் வரவில்லை.

குடும்பத்தார் அறிய வேண்டியது ஒன்று. வயிறு பெரிதாகத் தெரிந்த பிறகு கவனித்தால் போதாது. நாள் தள்ளிப் போனதுமே கவனிக்க வேண்டும். டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதை அவளுக்கு வைக்கக்கூடாது. அவளுக்கு முதலில் பரிமாற வேண்டும்.