பாறை முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை

எரியோட்டுல வரலாற்றுக் குழு ஆரம்பிக்கணும்னா எங்க தொடங்குறதுன்னு கேட்டிருந்தீங்க. மதுரையோட பசுமை நடையைப் பாருங்க. 2010-ல யானைமலையைச் சிற்ப நகரமாக்க ஒரு திட்டம் வந்துச்சு. ஊர் மக்கள் எதிர்த்தாங்க, திட்டம் நின்னுச்சு. அந்தச் சூட்டுல எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கினதுதான் இந்த நடை. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மலைக்குப் போவாங்க. சாந்தலிங்கம் மாதிரி தொல்லியல் அறிஞர்கள் பாறை முன்னாடியே நின்னு கல்வெட்டை விளக்குவாங்க. நூறு பேர் பார்த்துட்டுப் போன பாறைக்கு வெடி வைக்கிறது அவ்வளவு சுலபமில்லை.

பக்கத்துத் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில 2006-ல கிடைச்ச நடுகல் ஒண்ணுல, ஆநிரை கவர்ந்த பூசல்ல செத்தவன் பேரு தமிழி எழுத்துல இருக்கு. உங்க பக்கமும் நடுகல் ஏதாவது கண்ணுல பட்டா, சுண்ணாம்பு அடிக்காதீங்க, சுரண்டாதீங்க. படம் எடுத்து, இடத்தைக் குறிச்சு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க.