வீட்டுக்குள்ளே ஓர் அஞ்சல்

விளையாட்டுக்கும் படிப்புக்கும் வெகுதூரம் என்பது பெரியோர் பலரின் எண்ணம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஆனால் எங்கள் கணிப்பொறி மன்றத்துக்குத் தோழி ஒருத்தி கொண்டுவந்த சிறிய விளையாட்டுப் பெட்டி, ஒரு பருவம் முழுவதும் எங்களுக்கு ஆசிரியையாக விளங்கியது. அதனிடம் நாங்கள் கற்ற பாடத்தைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அத்தோழியின் வீடு முடிச்சூரில் இருக்கிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த பெருமழையை நம் பகுதியில் யார் மறக்க முடியும்? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரைகடந்து ஓடிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த அவள் குடும்பத்து ஆல்பங்கள் எல்லாம் சேற்றில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாழாயின. பாட்டியின் திருமணப் படம்கூட மிஞ்சவில்லை.

மறு ஆண்டு சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா, அவள் அண்ணனுக்கு நியூ நின்டெண்டோ 3டிஎஸ் என்னும் விளையாட்டுப் பெட்டியைப் பரிசளித்தார். அதில் ஒரு கேமராவும் உண்டு. அண்ணன் விளையாடியது பாதி, படம் பிடித்தது பாதி. கிறிஸ்துமஸ் குடில் கட்டும் பாட்டி, முறுக்குப் பிழியும் பாட்டி, கையில் செபமாலையோடு உறங்கிப்போன பாட்டி என இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள் அதில் சேர்ந்தன. பின்னர் பாட்டி இறைவனடி சேர்ந்தார். இன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஒரு பெட்டியைத்தான் திறக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தெருவில் தண்ணீர் ஏறியபோது, தோழியின் அம்மா முதலில் மாடிக்கு எடுத்துச் சென்றது நகையை அல்ல, அந்தப் பெட்டியைத்தான்.

"இந்தப் படங்களைக் கணிப்பொறியில் ஏற்றிவைக்க முடியுமா?" என்று அவள் கேட்டாள். இதென்ன பெரிய காரியம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அப்பெட்டியில் படங்கள் நகக்கண் அளவான ஒரு மைக்ரோ எஸ்.டி. அட்டையில் இருக்கின்றன. அந்த அட்டையோ பின்மூடிக்கு உள்ளே, பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிறிய திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றினால்தான் மூடி திறக்கும். ஆனால் யாரோ முன்பு பொருந்தாத திருப்புளியைப் போட்டுத் திருகியதால் ஒரு திருகாணியின் தலை வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. வலிந்து திறந்தால் பெட்டியே உடைந்துவிடும். எனவே வேறு வழி தேடினோம். வழி பெட்டிக்குள்ளேயே இருந்தது. மூடியைத் திறக்காமலே, கம்பியில்லா முறையில் அட்டையிலுள்ள கோப்புகளைக் கணிப்பொறியிலிருந்து பார்க்கும் வசதியைத் தயாரித்தவர்களே அதில் வைத்திருக்கிறார்கள்.

கம்பியே இல்லாமல் ஒரு படம் எப்படிப் பயணம் செய்கிறது? இதைப் புரிந்துகொள்ள நம் தபால்காரரை நினைத்துக்கொள்வோம்.

கடிதம் சரியான இடம் சேர முகவரி வேண்டும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நம் நாட்டில் பின்கோடு வழக்கில் உள்ளது. மேற்குத் தாம்பரத்துக்கு 600045, கிழக்குத் தாம்பரத்துக்கு 600059. அதுபோல் வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அதை ஐ.பி. முகவரி என்பர். வீட்டில் இருக்கும் ரவுட்டர் என்ற பெட்டிதான் இந்த எண்களை வழங்குகிறது. பெரும்பாலும் அவை 192.168 என்று தொடங்கும். ஊரெல்லாம் இதே எண்கள் இருந்தால் குழப்பம் வராதா? வராது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் 'ஏ-4' என்ற வீடு இருக்கலாம். அந்த எண் அந்த வளாகத்துக்குள் மட்டுமே செல்லும். அவ்வாறே இம்முகவரிகளும் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும்.

இனி சரக்கைப் பார்ப்போம். ஒரு படத்தை அப்படியே தூக்கி அனுப்புவதில்லை. சிறு பொட்டலங்களாகப் பிரித்துத்தான் அனுப்புகிறார்கள். ஒரு பொட்டலத்தில் ஏறக்குறைய 1,460 பைட்டு சரக்கு போகும். ஒரு லட்சம் பைட்டு அளவுள்ள படம் என்றால் சுமார் 70 பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். பெறும் கருவி, "இதுவரை வந்து சேர்ந்தது" என்று ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வராவிட்டால் அதே பொட்டலம் மறுபடி அனுப்பப்படும். இவ்வாறு வந்து சேர்ந்தவற்றை வரிசைப்படி அடுக்கினால் பாட்டியின் முகம் மீண்டும் முழுமையாகத் தோன்றும்!

ஆனால் முகவரியும் பொட்டலமும் மட்டும் போதாது. இரு கருவிகளும் ஒரே மொழி பேச வேண்டும். பாபேல் கோபுரம் கட்டியவர்களின் கதை நமக்குத் தெரியுமே! ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாததால் வேலையே நின்றுபோயிற்று. கணிப்பொறிகளிடையே வழங்கும் இத்தகைய பொதுமொழியை நெறிமுறை என்கிறோம்.

வெவ்வேறு வகையான கணிப்பொறிகள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு நெறிமுறையை முதலில் வகுத்தளித்தவர் ஓர் இந்தியர் என்பதை அறிந்தபோது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அவர் பெயர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்தவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் இருந்தபோது, 1971 ஏப்ரலில், எஃப்.டி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை எழுதினார். பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. 1985 அக்டோபரில் வெளியான திருத்தத்தை எழுதிய இருவருள் ஒருவர் ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் என்ற பெண்மணி. தோழியரே, இத்துறை ஆண்களுக்கே உரியது என்று யாரேனும் சொன்னால் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

எங்கள் தோழியின் பெட்டி பேசுவது வேறொரு மொழி. ஐ.பி.எம். நிறுவனத்தில் 1980-களில் பிறந்து, பிறகு விண்டோஸ் கணிப்பொறிகளில் பரவிய எஸ்.எம்.பி. என்பதே அது. இனி எங்கள் முயற்சியைக் கேளுங்கள்.

முதல் தடை உடனே வந்தது. வீட்டு ரவுட்டரின் பெயர் பெட்டியின் பட்டியலில் தெரியவே இல்லை. இன்றைய ரவுட்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. 3டிஎஸ் பெட்டிக்கு 2.4 மட்டுமே கேட்கும். அந்த அலைவரிசையைத் தனிப்பெயரில் திறந்துவிட்டதும் பெட்டி இணைந்தது. விருந்தினருக்கென்று ரவுட்டரில் தனி இணைப்பு இருந்தால் அதில் சேரக் கூடாது என்பதையும் கற்றோம். அதில் சேரும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பெரும்பாலும் தடுப்பு இருக்கும்.

அடுத்துப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில், தகவல் நிர்வாகம் என்ற பகுதியில், மைக்ரோ எஸ்.டி. நிர்வாகத்தைத் திறந்தோம். பெட்டி தனக்கென ஒரு பெயரைத் திரையில் காட்டியது. அந்தப் பெயரைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்தோம். கணிப்பொறியோ இணைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டது! பத்து முறை முயன்றோம். பத்து முறையும் அதே பதில்.

காரணம் என்ன? பெட்டி பேசுவது எஸ்.எம்.பி.யின் மிகப் பழைய முதற்பதிப்பு. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீய நிரல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில்கூடக் கணிப்பொறிகள் முடங்கின. அது நுழைந்த கதவு, இந்த முதற்பதிப்பில் இருந்த ஓட்டைதான். அதனால் அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், இப்பழைய மொழியைப் புதிய கணிப்பொறிகளில் இயல்பாக நிறுவுவதில்லை. ஆகவே கணிப்பொறி எங்கள்மேல் கோபித்துக்கொள்ளவில்லை. திருடன் வந்த கதவைத் தாழிட்டிருந்தது, அவ்வளவே.

அந்தத் தாழைத் திறக்க வழி உண்டு. ஆனால் அன்றாடம் இணையத்தில் உலவும் கணிப்பொறியில் அப்படிச் செய்வது முறையா? மன்றப் பொறுப்பாளரான சிஸ்டர், "அவசரப்படாதீர்கள். பழைய மொழி தெரிந்த கிழவர் யாராவது வீட்டில் இருக்கிறாரா, பாருங்கள்" என்றார். எங்களுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதல்லவா? தோழியின் பெரியப்பா மகனுக்கு அப்படிக் கிடைத்த மடிக்கணினி ஒன்று பரணில் கிடந்தது. பேட்டரி செத்துப்போயிருந்தாலும் மின்கம்பி செருகினால் ஓடியது. அதில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கு அந்தப் பழைய மொழி தெரியும். ஆனால் 2020 ஜனவரி முதல் விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. எனவே ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணையக் கம்பியை முதலில் உருவிவிட்டோம்.

"இணையம் இல்லாமல் எப்படிப் படம் போகும்?" என்று தோழியின் அம்மா கேட்டார். நல்ல கேள்வி! நடுக்கூடத்திலிருந்து சமையலறைக்குச் சீட்டு அனுப்பத் தபால் நிலையம் எதற்கு? வீட்டு வலையமைப்பு வேறு, இணையம் வேறு. ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும், வீட்டுக்குள் அஞ்சல் நடக்கும்.

பழைய மடிக்கணினியில் பெட்டியின் பெயரைத் தட்டினோம். கோப்புறைகள் திறந்தன. டி.சி.ஐ.எம். என்ற கோப்புறைக்குள் படங்கள் இருந்தன. சாதாரணப் படங்கள் ஜேபெக் வகை. மற்றவை எம்.பி.ஓ. வகை. இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரு படங்களை ஒரே கோப்பில் வைத்திருக்கும் முப்பரிமாணப் படங்கள் அவை. எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். பெட்டியின் கம்பியில்லாக் கருவி பழைய வகை. ஆதலால் வேகம் மிகவும் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு படமாக வந்து சேர்ந்தது. குடிலருகே சிரிக்கும் பாட்டி திரையில் பெரிதாகத் தோன்றியபோது, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இம்முயற்சியில் நாங்கள் கற்ற விதிகள் சில உண்டு. நகல் எடுக்க வேண்டும், வெட்டி எடுக்கக் கூடாது. வெட்டும்போது இணைப்பு அறுந்தால் இரண்டிடத்திலும் இல்லாமல் போகலாம். வந்த படங்களின் எண்ணிக்கையையும் அளவையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். சிலவற்றைத் திறந்தும் பார்க்க வேண்டும். பெட்டியும் கணிப்பொறியும் ஒரே வீட்டில் இருந்தால் வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். ஆகவே ஒரு நகல் வேறொரு வீட்டிலும் இருக்க வேண்டும். தோழியின் நகல் ஒன்று இப்போது சேலையூரில் அத்தை வீட்டில் பத்திரமாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வழியை நமக்குச் சொந்தமான படங்களுக்கே பயன்படுத்த வேண்டும். பிறர் உழைப்பில் உருவான விளையாட்டுகளைக் களவாக நகல் எடுப்பது சட்டப்படியும் குற்றம், மனச்சான்றின்படியும் குற்றம்.

3டிஎஸ் வகைப் பெட்டிகளின் தயாரிப்பு 2020-லேயே நின்றுவிட்டது. பழைய மொழி தெரிந்த கணிப்பொறிகளும் ஒவ்வொன்றாகக் கண்மூடுகின்றன. இரண்டும் உயிரோடு இருக்கும்போதே பேசவைத்துவிட வேண்டும். நம் வீடுகளில் பழைய கைபேசி, பழைய கேமரா, அண்ணனின் விளையாட்டுப் பெட்டி எனப் பல கிடக்கின்றன. அவற்றுள் யார் முகம், யார் சிரிப்பு உறங்குகிறதோ, யார் அறிவார்?

நற்செய்தியில் வரும் பெண்மணி, தொலைந்த ஒரு காசுக்காக விளக்கேற்றி வீடு முழுவதையும் கூட்டித் தேடினாள். கண்டெடுத்ததும் அண்டை வீட்டாரை அழைத்து மகிழ்ந்தாள். தோழியரே, இவ்விடுமுறையில் நாமும் பெற்றோரோடு அமர்ந்து, வரும் மழைக்காலத்துக்கு முன்பே நம் வீட்டுக் காசுகளைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துவோமாக!