அமெரிக்கப் பள்ளியின் சரித்திரக் கட்டுரை: ஒரு தாத்தா கற்றுக்கொண்டது

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அங்கே ஹைஸ்கூல் படிக்கிறார்கள். கோடையில் நாம் போனால், "லீவுதானே, எதுக்கு எப்பப் பார்த்தாலும் புஸ்தகமும் கையுமா இருக்கே?" என்று கேட்டுவிடுகிறோம். நானும் 2024 ஜூலையில் நியூஜெர்ஸியில் என் பேத்தியிடம் அப்படித்தான் கேட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைகுனிவு உண்டு. மறைக்காமல் எழுதுகிறேன், மற்ற தாத்தா பாட்டிகளுக்கு உபயோகப்படும்.

அவள் பத்தாவது முடித்துப் பதினொன்றாவது போக இருந்தாள். எடுத்திருந்த பாடம் ஏ.பி. அமெரிக்க சரித்திரம். ஏ.பி. என்றால் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், அதாவது பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரித் தரத்துப் பாடம் படிப்பது. மே மாதத்தில் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நாடு முழுவதற்கும் பரீட்சை வைக்கிறது. மதிப்பு 1 முதல் 5 வரை. 3-ம் அதற்கு மேலும் வாங்கினால் பல கல்லூரிகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பாடம் 1491-இல், கொலம்பஸ் வருவதற்கு முந்தின வருஷத்தில், தொடங்கி இன்றுவரை ஒன்பது காலகட்டமாக ஓடுகிறது. செப்டம்பரில் பள்ளி திறந்து மே மாதத்துக்குள் இவ்வளவையும் முடிக்க முடியுமா? அதனால்தான் பல ஆசிரியர்கள் முதல் பகுதியைச் 'சம்மர் அசைன்மென்ட்' என்று கோடையிலேயே படிக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

அவளுக்குக் கொடுத்திருந்தது இது: பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயங்களுக்குக் குறிப்பு எடுக்க வேண்டும். பிறகு கொலம்பஸைப் பற்றி இரண்டு நூல்களில் வரும் பகுதிகளைப் படித்து, ஒப்பிட்டு, இரண்டு பக்கம் எழுத வேண்டும். ஒன்று ஹோவர்ட் ஜின் 1980-இல் வெளியிட்ட அமெரிக்க மக்கள் சரித்திரம். அது கரையில் நின்று கப்பலைப் பார்த்த அராவாக் மக்களின் பக்கமிருந்து தொடங்குகிறது. மற்றது 2004-இல் ஷ்வைகார்ட், ஆலன் இருவரும் எழுதியது. அமெரிக்கா தன் சரித்திரத்தைப் பற்றிப் பெருமைப்படலாம் என்ற நோக்கில் எழுதிய நூல்.

எனக்குச் சரித்திரம் என்றால் உயிர். பட்டு வியாபாரத்தில் நாற்பது வருஷம் போனாலும், கல்லாவில் உட்கார்ந்தே படித்தவன் நான். அங்கே சூரியன் எட்டரைக்குத்தான் அஸ்தமிக்கிறது, ஆகையால் இருட்டுமுன் சாப்பிட வேண்டும் என்ற அவசரமும் எனக்கு இல்லை. சாவகாசமாக உட்கார்ந்து சொல்லிக்கொண்டே போனேன்: 1492 அக்டோபர் 12, மூன்று கப்பல், நான்கு பயணம், 1506-இல் மரணம். அவள் எழுதினாள். இரண்டு பக்கம் நிறைந்தது.

செப்டம்பரில் மகளிடமிருந்து போன். "அப்பா, நீங்க சொல்லி அவ எழுதினாளா? இங்க அது பெரிய தப்புப்பா." டீச்சருக்கு அது தெரியாது. ஆனால் பாதி மார்க்தான் போட்டு, தகவல்கள் சரி, உன் வாதம் எங்கே, இந்த இரண்டு நூலும் ஏன் இப்படி மாறுபடுகின்றன என்று கேட்டு, ஒரு வாரத்தில் திருப்பி எழுதச் சொல்லியிருந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு தேதிகூடத் தப்பில்லையே!

பிறகு, மார்க் போடும் விதியையே வாங்கிப் படித்தேன். காலேஜ் போர்டு அதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. பரீட்சையில் நூற்றுக்கு 25 பங்கு ஒரே ஒரு கட்டுரைக்கு. அதற்கு டி.பி.க்யூ. என்று பெயர். 1973-இலிருந்து இருக்கிறது. ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்துவிடுவார்கள்: கடிதம், பிரசங்கம், சட்டம், கேலிச்சித்திரம் இப்படி. ஒரு மணி நேரம், அதில் முதல் கால் மணி படிப்பதற்கு. மொத்தம் ஏழு புள்ளி. கேள்விக்கு நேர் பதிலாக, மறுக்கவும் இடமுள்ள ஒரு கருத்தை முன்வைத்தால் ஒன்று. அக்காலச் சூழ்நிலையை விளக்கினால் ஒன்று. நாலு ஆவணமாவது உன் வாதத்துக்குத் துணை நின்றால் இரண்டு. ஆவணத்தில் இல்லாத சான்று ஒன்றைத் தானாகச் சொன்னால் ஒன்று. இரண்டு ஆவணத்துக்காவது எழுதினவர் யார், யாருக்காக, எதற்காக என்று சொல்லி, அது வாதத்தை எப்படிப் பாதிக்கிறது என்று காட்டினால் ஒன்று. விஷயத்தின் சிக்கலை உணர்ந்து எழுதினால் கடைசி ஒன்று. சும்மா தேதி ஒப்பித்தால் ஒன்றுமில்லை.

இந்த 'யாருக்காக, எதற்காக' என்பது எனக்குப் புரிய நேரமாகவில்லை. ஒரு மந்தமான வருஷத்தில் ஆரணித் தறிக்காரருக்கு, வியாபாரமே இல்லை, பணத்துக்கு இரண்டு மாதம் பொறுங்கள் என்று எழுதினேன். அதே வாரம் வங்கிக்கு, வியாபாரம் நன்றாக இருக்கிறது, கடன் கூட்டித் தாருங்கள் என்று எழுதினேன். இரண்டும் என் கையெழுத்துதான். நூறு வருஷம் கழித்து ஒருவன் கையில் ஒரு கடிதம் மட்டும் கிடைத்தால் அவன் என்ன சரித்திரம் எழுதுவான்?

கொலம்பஸ் விஷயமும் அப்படித்தான். அவருடைய முதல் பயண நாட்குறிப்பின் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார் எடுத்தெழுதிய சுருக்கம்தான் இருக்கிறது. அந்த லாஸ் காஸாஸ் யார்? முதலில் இந்தியர்களை வேலை வாங்கும் உரிமை பெற்றிருந்தவர், 1514-இல் அதைத் துறந்து அவர்களுக்காகப் பரிந்து பேசியவர். 1552-இல் ஸ்பானியரின் கொடுமைகளைப் பற்றி அவர் அச்சிட்ட நூல் இளவரசர் பிலிப்பை நோக்கி எழுதியது. அரசாங்கத்தை அசைத்துக் கொடுமையை நிறுத்துவதே அவர் எண்ணம். அதனால் அவர் சொன்னது பொய் என்று ஆகாது. எந்த அழுத்தத்தோடு சொன்னார் என்று தெரிந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன், இதில் ஒரு வியாபாரியாக எனக்கு ருசி அதிகம். 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டி தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அனுப்பியது நம் சென்னையில் கோட்டை கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனி. 'வரிக் கொடுமையால் மக்கள் கிளர்ந்தார்கள்' என்று எழுதினால் புள்ளி கிடைப்பது சந்தேகம். ஏனென்றால் அந்த வருஷத்துச் சட்டத்தால் தேயிலை விலை இறங்கவே செய்தது! 1767-இல் போட்ட மூன்று பென்ஸ் வரி மட்டும் நீங்காமல் இருந்தது. கம்பெனி தன் ஏஜெண்டுகள் மூலமாகவே விற்கலாம் என்றதும் உள்ளூர் வணிகர்கள் பிழைப்பும், டச்சுத் தேயிலை கடத்தியவர்கள் பிழைப்பும் போச்சு. 'வரி செலுத்த நாங்கள் சம்மதித்தோமா என்ற கொள்கையும், வணிகர்களின் நஷ்டமும் சேர்ந்துதான் பாஸ்டனை எழுப்பின. ஒன்று மட்டும் போதியிராது' என்று எழுதினால் அது வாதம். ஒரு பாஸ்டன் வணிகர் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய கடிதம் ஆவணமாக வந்தால், அவர் கிடங்கில் என்ன சரக்கு இருந்தது என்றும் கேட்கத் தோன்ற வேண்டும்.

நம் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பிலும் மூல ஆதாரப் பகுதி கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். ஆனால் பகுதியில் என்ன இருக்கிறது என்று சொன்னாலே அநேகமாக மார்க் வந்துவிடும். அங்கிருந்து ஏ.பி. பாடத்துக்குப் போகும் பிள்ளை தடுமாறுவது புத்திக் குறைவால் அல்ல, பழக்கம் இல்லாததால்.

ஆகையால் கோடையில் போகிறவர்களே, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். 'இதை ஒத்துக்கொள்ளாதவன் என்ன சொல்வான்?' என்று ஒரு கேள்வி போடுங்கள். அது போதும்.

பேத்தி தானாகவே திருப்பி எழுதினாள். இரண்டு நூல்களும் ஒரே சம்பவத்தைத்தான் சொல்கின்றன, 'அமெரிக்கர்' என்பவர் யார் என்பதில்தான் மாறுபடுகின்றன என்பது அவள் வாதம். எனக்குத் தோன்றாதது. 2025 மே மாதம் பரீட்சையைக் கம்ப்யூட்டரிலேயே எழுதினாள்.

அந்த வருஷக் கடைசியில் இங்கே வந்திருந்தபோது, பழைய சங்க மலரில் எங்கள் ஊரைப் பற்றி நான் எழுதின கட்டுரையை அவள் அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். "தாத்தா, ஊர் ஆயிரம் வருஷப் பழசுன்னு எழுதியிருக்கீங்களே, அது யார் சொன்னது?" என்றாள். "பெரியவங்க சொன்னது கண்ணு" என்றேன். "எந்தப் பெரியவங்க? அவங்க யாருகிட்ட சொன்னாங்க?" என்றாள். அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இந்த மலருக்குள் முடியவில்லை, அதனால்தான் ஆசிரியர் குழுவுக்கு இதை அனுப்பினேன்.