சூரிய வீடும் பத்துப் போட்டிகளும்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாடு நம் மலேசியா. ஆயினும், வெயில் மிகுந்திருப்பதனால் மட்டும் சூரிய சக்தியைக் கொண்டு ஒரு வீட்டை நடத்திவிட முடியுமா? கல்லூரி மாணாக்கர் தாமே சூரிய வீடுகளைத் திட்டமிட்டுக் கட்டி நடத்திய போட்டிகளின் வரலாற்றை நோக்கினால் இதற்கு நல்ல விடை கிடைக்கிறது.

2002-ஆம் ஆண்டு அமெரிக்க எரிசக்தித் துறை, வாஷிங்டன் நகரின் பெருந்திடலில் ‘சோலார் டெக்கத்லான்’ என்னும் போட்டியை முதன்முதலாக நடத்தியது. கிரேக்க மொழியில் ‘டெக்கா’ என்றால் பத்து. ‘அத்லோன்’ என்றால் போட்டி. பதினான்கு கல்லூரிக் குழுக்கள் வீடுகளைக் கட்டி நிறுத்தின. மின்சாரம் எவ்வளவு கிடைத்தது என்பது மட்டுமே அங்கே அளவுகோலன்று. வெந்நீர் கிடைக்கிறதா, குளிர்ப்பெட்டி ஓடுகிறதா, விளக்கொளி போதுமா, அறையின் வெப்பமும் ஈரமும் அளவோடு நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் அளந்தார்கள். வீட்டு மின்சாரத்தால் ஒரு காரையும் ஓட்டிக் காட்ட வேண்டியிருந்தது! 2009-இல் அண்டை வீட்டாருக்கு இருமுறை விருந்து சமைத்துப் போடுவதும் போட்டியில் சேர்ந்தது. அடுப்பெரியாத வீடு வீடாகாது என்று நடுவர்கள் எண்ணினார்கள் போலும்.

அந்த 2009-ஆம் ஆண்டுப் போட்டியில் மழையும் மேகமும் சூழ்ந்திருந்தன. வென்றது ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம். கூரையில் மட்டுமன்றிச் சுவர்களிலும் மின்தகடுகளைப் பதித்திருந்தது அக்குழு. பிற்பகல்தோறும் மேகம் திரளும் நமக்கும் இது ஏற்றதென்று தோன்றும். ஆனால் அப்படியே பின்பற்றலாகாது. அக்டோபர் மாதத்து வாஷிங்டனில் சூரியன் தாழ்ந்து செல்வதால் வெயில் சுவரிலும் நன்றாக விழும். கோலாலம்பூரோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகையில் உள்ளது. மார்ச்சு இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேரே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் வடபுறமாகவே செல்கிறது. ஆகவே இங்கே கூரைதான் விளைநிலம். தகட்டை ஏறக்குறையக் கிடையாகவே வைக்கலாம். ஆனால் முற்றும் கிடையாக வைத்தால் தூசும் நீரும் தங்கிவிடும். பத்துப் பாகை சாய்த்து வைத்தால் மழையே கழுவிவிடும். இன்னொன்று: தகட்டின் திறனை 25 பாகை செல்சியசில் அளந்து குறிக்கிறார்கள். நம் நண்பகல் வெயிலில் அது 60 பாகைக்கும் சூடேறக்கூடும். ஒரு பாகைக்கு நூற்றுக்கு 0.4 வீதம் திறன் குறைவதாகக் கொண்டால், ஏழில் ஒரு பங்கு போய்விடும்.

இவை கணக்கில் அடங்குபவை. நம் உண்மையான பகை ஈரம். கிள்ளானில் குளிர்சாதனப் பொறி செய்யும் வேலையில் ஒரு பகுதி, காற்றிலுள்ள நீரைப் பிழிந்தெடுப்பதே. 2011-இல் வென்ற மேரிலாந்துப் பல்கலைக் கழகத்தார் இதற்கொரு வழி கண்டனர். வீட்டுக்குள்ளேயே உப்புக் கரைசலை அருவிபோல வழியவிட்டார்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. மழை நாளில் நம் வீட்டு உப்புச் சாடி நீர்த்துப் போவதும் ஏறத்தாழ இதே இயல்பால்தான். உறிஞ்சிய நீரை மீண்டும் வெளியேற்ற வெப்பம் வேண்டும். அதையும் சூரியனிடமே பெறலாம். வீட்டின் விலையும் ஒரு போட்டியானது அவ்வாண்டில்தான். இரண்டரை இலட்சம் டாலருக்குள் கட்டியவர்க்கே முழு மதிப்பெண். இதை முதலாண்டிலேயே சேர்த்திருக்கலாம் என்பது என் கருத்து.

நமக்கு மிக அண்மையான பாடம் தொலைவிலுள்ள கொலம்பியாவில் இருக்கிறது. அங்குள்ள காலி நகரமும் நம்மைப் போல மூன்று பாகை வடக்கில் உள்ளதே. கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெப்பம் மட்டும் சற்றுக் குறைவு. 2015-இல் அங்கு நடந்த போட்டியில், எளியோர்க்கான, நெருக்கமாக அமையும் வீடுகளையே கேட்டார்கள். உருகுவே நாட்டு ஓஆர்டி பல்கலைக் கழகம் வென்றது.

பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக் கழகத்தில் 2005 முதல் சூரிய சக்தி ஆராய்ச்சிக் கழகம் உண்டு. ஆகவே அறிவுக்குக் குறைவில்லை. இங்கே ஒரு போட்டி வைப்பதானால், திடலில் தனித்து நிற்கும் புது வீட்டைக் காட்டிலும், பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் காணும் வரிசை வீட்டையே மாணாக்கரிடம் கொடுக்க வேண்டும். இரு புறமும் அண்டை வீட்டுச் சுவர். காற்று நுழைய முன்வாசலும் பின்வாசலுமே வழி. கூரை தெருப் பக்கம் பாதியும் கொல்லைப் பக்கம் பாதியுமாகச் சாய்ந்திருக்கும். அதைத் திருப்பி வைக்க எவராலும் இயலாது. நல்லவேளையாக, சாய்வு மிகுதியில்லாத கூரையானால், நம் நாட்டில் அது எந்தத் திசையை நோக்கினாலும் பெரிய நட்டமில்லை.