மரியன்னைப் பாடலும் நாட்டு வருணனையும்

திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் போர்த்துக்கேசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே குடியேறினர். கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு நெடுந்தொலைவில் இல்லாத அவ்வூரின் மகிமை மாதா கோயில் அவர்தம் வருகையை இன்றும் நினைவூட்டும். ஆயினும் ஒரு கரையிற் கோயில் எழுதல் வேறு. அவ்வன்னை ஒரு மொழியின் யாப்பு மரபிற் புகுதல் வேறு. தமிழிற் பின்னதை 18ஆம் நூற்றாண்டில் சிறப்புற நிகழ்த்தியவர் வீரமாமுனிவர். அவர் செயலின் அருமையை உணரப் போலந்தின் பழைய இலக்கியம் துணை செய்யும்.

போலிய மொழியிற் கிடைக்கும் மிகப் பழைய பாட்டு, 'இறைவனை ஈன்றாள்' எனப் பொருள்படும் 'போகுரொஜீத்சா' என்பது. மரியன்னையை விளிக்கும் அப்பாட்டின் முதலிரு செய்யுட்களே தொன்மையானவை. ஏனைய பின்னர்ச் சேர்ந்தன. இசைக்குறியோடு கூடிய ஏடு ஏறத்தாழ 1407ஆம் ஆண்டினது. 1410இல் கிரூன்வால்டு போர்க்களத்தில் வீரர் இதனைப் பாடினர் என்பது யான் துவூகோஷ் என்னும் வரலாற்றாசிரியர் கூற்று.

இத்துவூகோஷ் (1415–1480) தம் பெருவரலாற்றைப் போலந்தின் நில வருணனையோடு தொடங்குகின்றார். ஆறுகள், ஏரிகள், மலைகள், நகரங்கள் என அது விரியும். நம் காப்பியங்களின் நாட்டுப் படலம் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆனால் அவர் எழுதியது இலத்தீன் உரைநடை. அங்கு அன்னையைப் பாடியது மக்கள் மொழி. நாட்டை வருணித்தது கற்றோர் மொழி. இரண்டும் ஒரு நூலிற் கூடவில்லை.

தமிழிலோ கூடின. 1726இல் இயற்றப்பெற்ற தேம்பாவணி, 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் உடையது. வளனாகிய சூசையப்பரே தலைவர். எனினும் அன்னையின் புகழ் நூல் முழுதும் பரந்துளது. அதன் நாட்டுப் படலம் யூதேயா நாட்டைப் பாடுகின்றது. ஆங்கு மழையும் ஆறும் வயலும் நம் மருத நிலத்தனவாகவே அமைந்துள்ளன. 'இது யூதேயா அன்று' எனக் குறைகூறுவார் உளர். துவூகோஷின் அளவுகோலால் அளப்பின் அக்குறை மெய்யே. ஆனால் அவர் உள்ளதைப் பதிவு செய்தவர். முனிவரோ காவிய மரபின்வழி நின்று, கேட்போர் நெஞ்சில் ஒரு நாட்டை அமைத்தவர். கோசலத்தைப் பாடிய கம்பரை எவ்வளவுகோலால் அளக்கின்றோமோ அதனாலேயே இவரையும் அளத்தல் முறை. இதனால் யூதேயாவின் வறண்ட குன்றுகள் நம் கண்ணுக்கு மறைந்தன என்பதையும் நாம் மறுக்கவில்லை.

அவலப் பாடலில் இவ்விரு மொழிகளும் மேலும் நெருங்குகின்றன. 15ஆம் நூற்றாண்டுப் போலியப் புலம்பல் ஒன்றில், சிலுவையடியில் நிற்கும் அன்னை கேட்போரை விளித்துத் தன் துயரைத் தானே சொல்கின்றாள். முனிவரின் 'அன்னை அழுங்கல் அந்தாதி'யும் அத்துயரையே பொருளாகக் கொண்டது. ஒரு செய்யுளின் ஈறே அடுத்ததன் முதலாகும் அந்தாதித் தொடை, முடிவின்றி மீளும் புலம்பலுக்கு எத்துணைப் பொருத்தம்! போலியப் புலவர்க்கு இத்தகைய யாப்பு வாய்த்திலது.

நாடும் அன்னையும் மிகச் செறிவாக இணைந்தது 'திருக்காவலூர்க் கலம்பக'த்தில் எனலாம். கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, ஆங்குள்ள அடைக்கல மாதாவை முனிவர் பாடினார். ஈண்டு யூதேயாவைத் தமிழ்நாடாக்க வேண்டிய தேவை இல்லை, நிலமே தமிழ்நிலமாயிற்று.