கூட்டுப் பிரிப்பும் நேர்மையான தராசும்

பொய் ஒன்றும் சொல்லாமல் ஒருவரை ஏமாற்றுதல் கூடுமோ? அறநெறியைக் குறித்து எண்ணுகிறவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இக்கேள்வி, இன்று ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஒரு புதிய அங்காடியில் நாள்தோறும் எழுகின்றது. அங்கு விற்கப்படுபவை விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகள். விற்கும் முறைக்குப் ‘பிரேக்’ என்று பெயர். மூடி முத்திரையிட்ட பெட்டி ஒன்றிற்காகப் பலர் முன்பணம் செலுத்துவர். விற்பனையாளர் அதனைக் காமிராவின் முன் பிரித்து, உள்ளிருப்பவற்றை அவர்களுக்குப் பங்கிட்டு அனுப்புவார். பிரித்தல் என்னும் நம் சொல் திறத்தலையும் பங்கிடுதலையும் ஒருங்கே குறிப்பதால், இம்முறையைக் ‘கூட்டுப் பிரிப்பு’ என்றும், அதனை நடத்துபவரைப் ‘பிரிப்பவர்’ என்றும் இக்கட்டுரையில் அழைப்போம்.

சிலர் இதனைச் சூதாட்டம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். வேறு சிலர் சிறுவர் பொழுதுபோக்கு என்று புன்முறுவலோடு விட்டுவிடுவர். இரண்டும் அவசரத் தீர்ப்புகளே. ஒரு தொழிலின் நேர்மையை எடைபோட விரும்புகிறவர் முதலாவது அத்தொழில் நடைபெறும் விதத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

1. அட்டை எவ்வாறு பரிசுச் சீட்டாயிற்று?

விளையாட்டு அட்டைகள் தொடக்கத்தில் இலவச இணைப்புகளாகவே இருந்தன. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டுபாக்கோ கம்பெனி தன் சிகரெட்டுப் பொதிகளில் பேஸ்பால் வீரர்களின் அட்டைகளை வைத்து விற்றது. பின்னர் அவை இனிப்புப் பசையோடு சிறுவரிடம் சென்றன. 1952-இல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட வரிசை இத்துறையில் ஒரு திருப்புமுனை. அவ்வரிசையைச் சேர்ந்த மிக்கி மேன்ட்டிலின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. இத்தகைய செய்திகளே எளிய மக்களின் உள்ளத்தில் ஆசையை விதைக்கின்றன.

1980-களின் பிற்பகுதியில் நிறுவனங்கள் அளவின்றி அச்சிட்டுத் தள்ளியதால் அட்டைகள் மதிப்பிழந்தன. அதற்கு அவை கண்ட பரிகாரம் செயற்கையான அருமை. 1990-இல் அப்பர் டெக் நிறுவனம் ரெஜி ஜாக்சன் கையொப்பமிட்டு எண்ணிட்ட 2,500 அட்டைகளைத் தன் பொதிகளுக்குள் மறைத்து வைத்தது. 1997-இல் வீரர்கள் அணிந்த ஆடையின் துண்டுகளைப் பதித்த பேஸ்பால் அட்டைகளையும் அது வெளியிட்டது. அதுமுதல் வாங்குவோர் பலர் பொதியை நாடியது சாதாரண அட்டைகளுக்காக அன்று. அவற்றினிடையே ஒளிந்திருக்கக்கூடிய ஒன்றிற்காக. வாங்கும் பொருள் வாய்ப்பாக மாறிற்று.

அவ்வாய்ப்பின் அளவு பொதியின்மேல் அச்சிடப்படுவதுண்டு. ஆயினும் அதனைச் சரியாகப் படிப்பவர் சிலரே. ‘120 பொதிகளுக்கு ஒன்று’ என்பது அச்சிட்ட அனைத்திற்கும் சேர்த்துக் கண்ட சராசரி; 120 பொதி வாங்கினால் ஒன்று கிடைத்தே தீரும் என்னும் வாக்குறுதி அன்று. ஒவ்வொரு பொதியும் தனித்தனி வாய்ப்பு எனக் கொண்டால், 120 பொதிகளில் ஒன்றேனும் கிடைப்பதற்குள்ள வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடே.

2. கூட்டுப் பிரிப்பு நடைபெறும் விதம்

விலையுயர்ந்த பெட்டியைத் தனியொருவர் வாங்குவது கடினம். ஆகவே பலர் கூடி வாங்குவது இயல்பாகத் தோன்றிய வழி; அதில் இழுக்கு ஒன்றுமில்லை. பேஸ்பால், கூடைப்பந்து ஆகிய பெரிய லீக்குகள் இரண்டிலும் முப்பது முப்பது அணிகள் உள்ளன. ஆதலால் ஒரு பெட்டி முப்பது ‘இடங்களாக’ விற்கப்படுகிறது. எவர் எந்த அணியின் இடத்தைப் பெற்றாரோ, அவ்வணி வீரர்களின் அட்டைகள் அவரைச் சேரும்.

இதில் இருவகை உண்டு. முதல் வகையில் வாங்குபவர் தம் அணியைத் தாமே தெரிந்துகொள்வார். புகழ்பெற்ற இளம் வீரர் உள்ள அணிக்கு விலை மிகுதி, மற்றதற்குக் குறைவு. இரண்டாம் வகையில் எல்லோரும் ஒரே விலை கொடுப்பர். அணிகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படும். இங்கு இரண்டு வாய்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகுகின்றன. நாடுகிற அட்டை இருபது பெட்டிகளுக்கு ஒன்றில் இருக்குமாயின், முப்பதில் ஓர் இடத்தை வாங்கியவருக்கு அது கிடைக்கும் வாய்ப்பு அறுநூற்றில் ஒன்று.

பணக்கணக்கையும் காண்போம். 800 டாலர் விலையுள்ள பெட்டியை ஒருவர் சராசரி 36 டாலராக முப்பது இடங்களில் விற்றால் 1,080 டாலர் சேரும். மிகுதி 280 டாலர், அவருடைய உழைப்பு, அஞ்சற்செலவு, விற்பனைத்தளத்தின் கட்டணம், இலாபம் ஆகியவற்றிற்காகும். இதுவும் தன்னிலே குற்றமன்று. ஆயினும் ஓர் உண்மை தெளிவாகிறது: வாங்குவோர் அனைவரையும் ஒருவராகக் கருதினால், அவர் பெட்டியின் விலைக்குமேல் கொடுத்திருக்கிறார். ‘இதில் போட்ட பணத்தைவிட மிகுதியாக எடுத்துவிடலாம்’ என்று பிரிப்பவர் கூறுவாராயின், அப்படிப்பட்ட பெட்டியை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் விற்பதேன் என்று கேட்பது நியாயமே.

இவ்வணிகம் இப்பொழுது பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. 2019-இல் தோன்றிய வாட்நாட் போன்ற நேரலை விற்பனைத்தளங்கள் இதற்கு மேடையாயின. 2022 ஜனவரியில் டாப்ஸின் அட்டை வணிகத்தை வாங்கிய ஃபனாட்டிக்ஸ் நிறுவனம், 2023-இல் தன் சொந்த நேரலைத் தளத்தையும் தொடங்கிற்று. அட்டையை அச்சிடுவதும் அது பிரிக்கப்படும் மேடையை நடத்துவதும் ஒரே வீட்டாரின் பொறுப்பில் வரும்போது, நேர்மையின் கடமை குறைவதில்லை, கூடுகின்றது.

3. பொருளில் நேர்மை

முதற்கேள்வி, பெட்டி உண்மையிலேயே திறக்கப்படாததா என்பது. லோகன் பால் என்பவர் 35 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய போக்கெமான் அட்டைப் பெட்டி, வல்லுநரின் சான்று பெற்றிருந்தும், 2022-இல் பிரித்தபோது போலியெனத் தெரிந்தது. விளையாட்டு அட்டைகளுக்கும் இப்பாடம் பொருந்தும்: முத்திரை ஒரு சாட்சி, ஆனால் சாட்சியும் ஏமாறக்கூடும்.

இதனினும் நுட்பமான ஒரு தீங்கு உண்டு. ஆடைத்துண்டு பதித்த அட்டை சற்றுத் தடிப்பானது, எடையும் கூடியது. இதனை அறிந்த சிலர் பொதிகளைச் சிறு மின்தராசில் நிறுத்து, கனத்தவற்றைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, இலேசானவற்றைத் ‘திறக்கப்படாதவை’ என்று விற்றனர். இதனைத் தடுக்கவே நிறுவனங்கள் வெறுமையான தடித்த அட்டைகளைப் பொதிகளில் சேர்க்கலாயின. கள்ளத்தராசைக் குறித்துத் திருமறை பன்முறை எச்சரிப்பதை நம் வாசகர் அறிவர். இங்கோ தராசு கள்ளத்தராசு அன்று. அது மிகச் சரியாகவே காட்டிற்று. ‘திறக்கப்படாதது’ என்ற சொல்லும் மெய்யே. ஆயினும் விற்பனை பொய்யாயிற்று. ஏனெனில் நிறுத்துப் பார்த்தவர் ஒருவர் மாத்திரமே. மற்றவர் நிறுக்கப்படாத பொருளை வாங்குவதாக நம்பினார். நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது.

இதே குற்றம் பெரிய அளவிலும் நடக்கலாம். பல பெட்டிகள் அடங்கிய பெரும்பெட்டி ஒன்றில் இன்ன அரிய அட்டை ஒன்று இருக்குமெனச் சில வரிசைகளில் எதிர்பார்க்கப்படுகிறது. ஒருவர் சில பெட்டிகளைப் பிரித்து அவ்வட்டையை எடுத்துவிட்டு, எஞ்சிய பெட்டிகளைத் தனித்தனியே விற்றால், முத்திரை ஒன்றும் உடைபடவில்லை. ஆனால் வாய்ப்பு முன்னமே வெளியேறிவிட்டது. பெட்டி எங்கிருந்து வந்தது, அதனுடன் இருந்தவை என்னவாயின என்று கூறுவதும் விற்பவரின் கடமையாகும்.

4. குலுக்கலில் நேர்மை

அணிகளை ஒதுக்குவதற்குப் பல பிரிப்பவர்கள் ராண்டம்.ஆர்க் என்னும் தளத்தைப் பயன்படுத்துகின்றனர். 1998-இல் அயர்லாந்தில் தொடங்கப்பட்ட இத்தளம், வளிமண்டல இரைச்சலிலிருந்து தற்செயல் எண்களைப் பெறுகிறது. பெயர்ப்பட்டியலை எத்தனை முறை கலைப்பது என்பதைப் பகடை உருட்டி, அனைவரும் காண முதலில் தீர்மானிப்பர். இது நல்ல வழக்கம். எத்தனை முறை என்று முன்னரே கூறாதவர், தமக்கு வேண்டிய முடிவு வருமட்டும் கலைத்துவிட்டு நிறுத்தக்கூடும். கருவி நடுநிலையானதாயினும், அதனை நிறுத்தும் கை நடுநிலையாயிருக்க வேண்டும்.

விதிகளும் பணம் பெறுமுன் கூறப்பட வேண்டும். இரு அணி வீரர்கள் சேர்ந்துள்ள அட்டை யாருக்கு? விற்காத இடங்கள் யாருக்கு? சாதாரண அட்டைகளும் அனுப்பப்படுமா? விலையுயர்ந்த அட்டை வெளிப்பட்ட பின்பு கூறப்படும் விதி, விதியன்று; தீர்ப்பாகும். அதுவும் தன் வழக்கில் தானே வழங்கும் தீர்ப்பு.

5. சொல்லில் நேர்மை

அட்டையை மாற்றிவைக்கும் நேரடித் திருட்டைக் கண்டறிந்து தண்டிக்க இயலும். கண்டறிய அரியது விற்பனைப் பேச்சில் உள்ள குற்றம்; அதில் ஒவ்வொரு வாக்கியமும் மெய்யாயிருக்கலாம்.

‘மூன்று பெட்டிகளில் ஒன்றும் வரவில்லை, இனி வந்தாக வேண்டும்’ என்பது ஒரு பேச்சு. ஒரே பெரும்பெட்டியைச் சேர்ந்த, உறுதியளிக்கப்பட்ட அட்டையைப் பற்றியதாயின் இதில் உண்மை உண்டு. தொடர்பற்ற உதிரிப் பெட்டிகளைப் பற்றியதாயின் இது வெறும் மயக்கமே. வேறுபாட்டை அறிந்தவர் விற்பவர், அறியாதவர் கேட்பவர். ‘இது 500 டாலர் அட்டை’ என்பது மற்றொன்று. ஒருவர் கேட்கும் விலை 500-ஆக இருக்கலாம். அண்மையில் உண்மையாய் விற்ற விலை அதிற் பாதியாக இருக்கலாம். வெற்றிகளை மாத்திரம் தொகுத்துக் காட்டும் படங்களும் அத்தகையனவே. காட்டப்படும் ஒவ்வொன்றும் நிகழ்ந்தது. காட்டப்படாதவையோ அதனினும் மிகப் பல.

‘நிரப்புச் சுற்று’ என்னும் வழக்கமும் கவனிக்கத்தக்கது. விலை மிகுந்த இடம் விற்காதபோது, சிறு தொகை வாங்கிப் பலரிடையே அவ்விடத்தையே குலுக்கலில் விடுவர். இதனால் வாய்ப்பை வாங்குவதற்கான வாய்ப்பை ஒருவர் வாங்குகிறார். தாம் எத்தனை இழந்தார் என்று அவர் கணக்கிட முடியாதபடி தொகைகள் சிறியனவாகச் சிதறிவிடுகின்றன.

6. சட்டம் கூறுவதும் கூறாததும்

பணம், தற்செயல், பரிசு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது சூதாட்டம் என்பது அமெரிக்கச் சட்டத்தின் பொதுவான இலக்கணம். பொதிகளின்மேல் ‘வாங்க வேண்டிய கட்டாயமில்லை’ என்று அச்சிட்டு, அஞ்சல் வழியாக இலவசமாகப் பங்குபெற நிறுவனங்கள் இடமளிப்பதன் பின்னணி இதுவே. அரிய அட்டை கிடைக்காதவர்கள் நிறுவனங்கள்மேல் தொடுத்த வழக்குகளை 1998-இல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2002-இல் மற்றொன்றும் தள்ளுபடி செய்தன. அவை கூறிய காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. வாங்கியவர் தாம் பேரம்பேசிய பொதியையும் வாய்ப்பையும் பெற்றுக்கொண்டார். ஆகவே அவர்கள் சார்ந்த சட்டம் வேண்டுகிற சொத்து நட்டம் அவருக்கு ஏற்படவில்லை என்பதே அது. இச்செயல் நன்று என்று நீதிமன்றம் கூறவில்லை. சட்டம் நட்டத்தை அளக்கும். மனச்சாட்சி அதற்கு அப்பாலும் செல்ல வேண்டும்.

7. வெறுங்கையராய்ச் செல்பவரின் கேள்வி

அவ்வாறாயின் நேர்மையான பிரிப்பவரை அறிவது எப்படி? அரிய அட்டையைப் பெற்றவரைக் கேட்டுப் பயனில்லை. அவர் எந்த விற்பனையாளரையும் புகழ்வார். ஒன்றும் பெறாதவரையே கேட்க வேண்டும். ‘எனக்கு ஒன்றும் வரவில்லை, ஆயினும் இப்படியாகக்கூடும் என்பதை, எத்துணை கூடும் என்பதை, பணம் கொடுக்குமுன் அறிந்திருந்தேன்’ என்று அவர் சொல்லக்கூடுமாயின் அவ்விற்பனை நேர்மையானது. ‘இது முன்னரே தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்’ என்பாராயின், ஒரு பொய்யும் பேசப்படாதிருந்தும் அது ஏமாற்றே. முப்பது இடங்கள் விற்கும் ஒருவர் ஒவ்வொரு முறையும் வெறுங்கையராய்ச் செல்லும் பலரை உண்டாக்குகிறார். நேர்மையின் கடன் முதலாவது அவர்களுக்கே உரியது.

இவ்வளவுகோல் பிரிப்பவரை மட்டுமன்று, வாங்குபவரையும் சோதிக்கும். இத்தகைய வாணிபத்தில் சிக்குண்ட இளைஞர் ஒருவர் போதகரிடம் வருவாராயின், அது சூதா அன்றா என்ற வாதத்தில் தொடங்குவதால் பயன் சிறிது. அவர் கடந்த மாதம் செலவிட்ட மொத்தத் தொகையையும், கையிலுள்ள அட்டைகள் உண்மையாய் விற்கக்கூடிய விலையையும் ஒரே தாளில் அவரே எழுதும்படி உடனிருந்து உதவலாம். மறைக்கப்பட்ட எடையைக் காட்டுவதே அங்கு முதல் உதவி. சேகரிப்பில் மகிழ்ச்சி கொள்பவர் அத்தாளைக் கண்டும் மகிழ்வார். இழந்ததை மீட்க ஓடுகிறவரோ அதில் தம் நிலையைக் காண்பார். இருவருக்கும் உண்மை ஒன்றே. அதனைப் பணம் கொடுக்குமுன் காட்டுவது விற்பவரின் கடமை. அவர் தவறியவிடத்துக் காட்டுவது நண்பரின் கடமை.